பாதி முடிந்த இன்டர்ஸ்டேட்டில் டயர் வெடித்தால்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், வீடு ப்ளூமிங்டனில், வேலை இண்டியானாபொலிஸில் என்று வாழ்ந்தவர்களுக்கு மாநில நெடுஞ்சாலை 37ஐ விட்டால் வேறு கதி கிடையாது. ஏறத்தாழ 50 மைல் தூரம், பழைய நாட்களில் ஒரு மணி நேரப் பயணம். அந்தச் சாலையை அது இருக்கும் இடத்திலேயே வைத்து ஐ-69 என்ற இன்டர்ஸ்டேட்டாக, அதாவது மாநிலங்களை இணைக்கும் விரைவுச்சாலையாக, மாற்றிய காலத்தில்தான் நான் அதில் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். முன்கண்ணாடி ஒன்று, டயர்கள் இரண்டு, ரிம் ஒன்று என்று 1,410 டாலர் கையை விட்டுப் போனது. பல மாதம் கடிதம் எழுதித் திரும்ப வாங்கியது 605 டாலர். மீதியை மறந்துவிடலாம். ஆனால் நவம்பர் மழையில், இரண்டு கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே, எந்த இடம் என்று போலீசுக்குச் சொல்லத் தெரியாமல் தனியாக உட்கார்ந்திருந்த நேரத்தை மறக்க முடியவில்லை. எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு ஒவ்வோர் ஆகஸ்டிலும் புதிதாகத் தமிழ்ப் பிள்ளைகள் வருகிறார்கள். ஓட்டுநர் உரிமம் வாங்கியவுடன் பழைய கார் ஒன்றை வாங்கிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறிவிடுகிறார்கள். எனக்கு யாரும் சொல்லாத சிலவற்றை அவர்களுக்குச் சொல்லத்தான் இது.

பழைய 37 நான்கு தடச் சாலைதான், நடுவில் புல்வெளிப் பிரிப்பும் உண்டு. ஆனால் அதில் சிக்னல்கள் இருந்தன. பண்ணைச் சாலைகள் குறுக்கே வெட்டின. பெட்ரோல் நிலையங்களும் வீட்டு வாசல்களும்கூட நேராகச் சாலையில் திறந்தன. அறுவடைக் காலத்தில் ஒரு வீட்டையே உருட்டிக்கொண்டு வருவதுபோல் கம்பைன் இயந்திரம் குறுக்கே கடக்கும். நாம் நின்று வழிவிடுவோம். இன்டர்ஸ்டேட் தரத்தில் இவை எதற்கும் இடமில்லை. சிக்னல் கூடாது, குறுக்குச் சாலை கூடாது, ஏறவும் இறங்கவும் எக்ஸிட் மட்டுமே. ஒவ்வொரு தடமும் 12 அடி அகலம். வலப்பக்கம் 10 அடிக்கும் இடப்பக்கம் 4 அடிக்கும் தார் போட்ட ஷோல்டர், அதாவது வண்டி பழுதானால் ஒதுங்கி நிற்க இடம். எவன்ஸ்வில்லிலிருந்து இண்டியானாபொலிஸ் வரை 142 மைலில், ப்ளூமிங்டனுக்குத் தெற்கே உள்ள பகுதியை வயல்களிலும் காடுகளிலும் புதிதாகவே போட்டார்கள். 2012இல் ஒரு பகுதி, 2015 டிசம்பரில் அடுத்த பகுதி எனத் திறந்தது, அங்கே யாருக்கும் பெரிய தொல்லையில்லை. ப்ளூமிங்டனுக்கு வடக்கே அப்படி இல்லை. ஓடிக்கொண்டிருந்த 37ஐயே உடைத்துத்தான் ஐ-69 ஆக்கினார்கள். குடியிருந்துகொண்டே வீட்டை இடித்துக் கட்டுவதற்கு ஒப்பான வேலை அது; சமையலும் நடக்க வேண்டும், சுவரும் இடிய வேண்டும்.

இதில் என் கட்சி வேறு. 2021இல் மார்ட்டின்ஸ்வில் நகருக்குள் செல்லும் 37ஐ ஏறத்தாழ ஆண்டு முழுவதும் முற்றாக மூடினார்கள். ஊரே புலம்பியது. எனக்கும் அப்போது எரிச்சல்தான். ஆனால் அடுத்த ஆண்டு, திறந்திருக்கிறது என்ற பெயரில் நாங்கள் ஓட்டிய வடபகுதியோடு ஒப்பிட்டால் அந்த மூடல் எவ்வளவோ நேர்மையானது. மூடியிருந்தால் வேறு வழி தேடிக்கொள்கிறோம், அன்றைய திட்டம் தெளிவாக இருக்கிறது. திறந்திருப்பதாகச் சொல்லி நேற்று இருந்த வளைவை இன்று வேறு பக்கம் திருப்பிவைத்தால், நாள்தோறும் போகிறவருக்கும் அது புதுச்சாலைதான். பழகிய சாலை என்ற நினைப்பை முதலில் விட்டுவிட வேண்டும். பழைய 37இல் டயர் போனால் பக்கத்துப் பண்ணைச் சாலையில் இறங்கிவிடலாம். வேலை முடிந்த ஐ-69இல் 10 அடி ஷோல்டரில் ஒதுங்கலாம். இடைப்பட்ட காலத்தில் பண்ணைச் சாலையை அடைத்துவிட்டார்கள், ஷோல்டர் இன்னும் வரவில்லை. எனக்கு நேர்ந்த தொல்லைகள் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

முதலில் போனது முன்கண்ணாடி. கோடையில், ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று எனக்கு முன்னே பணிப்பகுதியிலிருந்து சாலையில் ஏறியது. சக்கரங்களின் இடுக்கில் இருந்த கல் ஒன்று தெறித்துக் கண்ணாடியின் வலது கீழ்மூலையில் பட்டது. மிளகளவு புள்ளி. அன்றைக்கே பிசின் ஊற்றி அடைத்திருந்தால் சில பத்து டாலரில் முடிந்திருக்கும் என்று கண்ணாடிக்காரர் பிற்பாடு சொன்னார். நான் வார இறுதிக்குத் தள்ளிவைத்தேன். நடுவில் ஒரு நாள், வெயிலில் கொதித்துக்கிடந்த கண்ணாடியின் மீது ஏசியின் குளிர்காற்று முழுவேகத்தில் பட்டது. புள்ளியிலிருந்து கோடு கிளம்பி ஓட்டுநர் பக்கம் வரை ஓடியது. இப்போதைய கார்களில் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருப்பதால் கண்ணாடியை மாற்றினால் மட்டும் போதாது, கேமராவையும் மறுபடி அளவுபடுத்த வேண்டும். கூலி கண்ணாடியின் விலையோடு போட்டி போடுகிறது. காப்பீட்டில் என் பங்கான டிடக்டிபிள் 500 டாலர், அது அப்படியே போயிற்று. லாரிக்காரரிடம் கேட்கலாமே என்பீர்கள். எந்த லாரி, எந்தக் கல் என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை. லாரிகளின் பின்புறம் ‘200 அடி தள்ளி வா, நாங்கள் பொறுப்பல்ல’ என்று ஒட்டியிருக்கும் அறிவிப்பே அவர்களைக் காப்பாற்றிவிடாது. ஆனால் நம்மிடம் படச்சான்று இல்லாவிட்டால் அந்த அறிவிப்பே தேவையில்லை. டாஷ்கேமரா வாங்கினேன். 60 டாலருக்கு வாங்கிய மட்டமான கேமராதான், போதுமானதாக இருந்தது. ஜல்லி லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். இன்னொருவர் நடுவில் நுழைந்தால் நுழைந்துவிட்டுப் போகட்டும்.

பணிப்பகுதியில் ஓட்டும்போது வேறு சில பொறிகளும் உண்டு. இருட்டில் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கை நம்பித்தான் பெரும்பாலும் ஓட்டுகிறோம். அந்த வண்டி கட்டுமான லாரியாக இருந்தால் சட்டென்று தடுப்பு இடைவெளிக்குள் திரும்பி மண்மேட்டுக்குள் போய்விடும். நாமும் கூடவே போய்விடுவோம். ‘கட்டுமான வாகனம், பின்தொடராதே’ என்று அவற்றின் பின்னால் எழுதியிருப்பது வெறும் அலங்காரம் அல்ல. மழையிரவில் இன்னொரு தொல்லை: தடத்தை மாற்றியபோது பழைய வெள்ளைக் கோட்டைச் சுரண்டி எடுத்திருப்பார்கள். சுரண்டிய தழும்பு ஈரத்தில் கோட்டைவிடப் பளிச்சென்று தெரியும். எது புதுக் கோடு, எது பழைய தழும்பு என்று கண்ணுக்குப் பிடிபடாது. அப்போது கோட்டைப் பார்க்காமல் வரிசையாக நிற்கும் ஆரஞ்சுப் பீப்பாய்களைப் பார்த்து ஓட்டுவதே நல்லது, அவை பொய் சொல்வதில்லை. வேகம் 45 மைல் என்று பலகை சொன்னால் 45தான். இண்டியானாவில் பணிப்பகுதியில் வேகமாகப் போனால் முதல் தடவை 300 டாலர் அபராதம், மூன்றாண்டுக்குள் மறுபடி மாட்டினால் 500, அதற்கும் அடுத்தது 1,000. ஆனால் 45இல் போனால் பின்னால் வருகிறவர் முதுகில் ஏறுவார், ஏறட்டும். என் பயமெல்லாம் வரிசையின் கடைசி வண்டியாக நிற்கும் நேரத்தைப் பற்றித்தான். சரக்குடன் 80,000 பவுண்டு வரை எடையுள்ள பெருலாரி ஒன்று, முன்னால் எல்லாரும் நின்றுவிட்டது தெரியாமல் வந்தால் என்ன ஆகும்? அதனால் வரிசை நிற்பது தூரத்தில் தெரிந்ததுமே அபாய விளக்கைப் போட்டுவிடுவேன். முன்வண்டிக்கும் எனக்கும் நடுவே ஒரு காரின் நீளத்துக்கு மேல் இடம் விட்டு நின்று, பின்னால் இன்னும் இரண்டு வண்டி வந்து நிற்கும்வரை பின்பார்வைக் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்க மாட்டேன்.

இனி அந்த இரவு. 2022 நவம்பர், வெள்ளிக்கிழமை. நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளிவிடுவார்கள்; அதுவரை வெளிச்சத்தில் வீடு திரும்பியவர்கள் திடீரென்று கும்மிருட்டில் ஓட்ட வேண்டிவரும். மான்கள் இணைதேடிச் சாலையில் பாயும் பருவமும் அதுவே. அன்றைக்கு மழையும் சேர்ந்துகொண்டது. என் கணவர் தம் அப்பாவின் சிகிச்சைக்காகச் சென்னை போயிருந்தார், மகன் பக்கத்து வீட்டில் காத்திருந்தான். க்ரீன்வுட் பக்கம் ஸ்மித் வேலி சாலையைத் தாண்டித் தெற்கே வருகிறேன். போக்குவரத்தைப் பழைய தார்த்தளத்திலிருந்து புதுத் தளத்துக்கு வளைத்துவிட்டிருந்தார்கள். இரண்டும் சேருமிடத்தில் உயர வேறுபாடு, அதன் ஓரத்தில் தளம் பெயர்ந்து ஒரு பள்ளம், பள்ளம் நிறைய மழைநீர். நீர் தேங்கிய பள்ளம் இரவில் ஈரச்சாலையாகத்தான் தெரியும். வலப்பக்கம் முன்சக்கரம் இறங்கியது, அடுத்த நொடி பின்சக்கரம். சத்தம் வெடிச்சத்தமே. ஸ்டியரிங் வலப்பக்கம் இழுத்தது. அங்கே ஒதுங்க இடமில்லை, கைநீட்டினால் தொடும் தூரத்தில் கான்கிரீட் தடுப்பு. இடப்பக்கமும் தடுப்பு. பின்பார்வைக் கண்ணாடியில் லாரி விளக்குகள்.

அந்த இடத்தில் நிறுத்துவதுதான் எல்லாருக்கும் இயல்பாகத் தோன்றும். எனக்கும் கால் பிரேக்குக்குப் போனது. ஆனால் நிறுத்தினால் பின்னால் வருகிறவருக்கு நான் சாலை நடுவே நிற்கும் இருட்டுச்சுவர். அபாய விளக்கைப் போட்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, நடைவேகத்துக்குக் கொஞ்சம் மேலாக ஊர்ந்தேன். ரிம் தரையில் உராயும் சத்தம் எலும்பை அரைப்பதாக இருந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் நல்ல மனிதர், அவரும் விளக்குகளைச் சிமிட்டவிட்டு என் பின்னாலேயே மெதுவாக வந்து மற்றவர்களைத் தடுத்தார். அவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. கட்டுமான வண்டிகள் நுழைவதற்காகத் தடுப்பில் விட்டிருந்த இடைவெளி வந்ததும் உள்ளே சரளையில் ஏற்றி நிறுத்தினேன். ரிம் வளைந்துவிட்டது. வளைந்த ரிம் 265 டாலர். அந்தப் பணத்தைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை. தடுப்புகளுக்கு நடுவே டயர் போனால் டயரையும் ரிம்மையும் காப்பாற்ற நினைக்காதீர்கள், முதல் இடைவெளி வரை உருட்டுங்கள். வண்டி ஓரடிகூட நகராது என்ற நிலை வந்தால் மட்டும் தடத்திலேயே நின்று, சீட்பெல்ட்டைக் கழற்றாமல், விளக்கைச் சிமிட்டவிட்டு அவசர உதவி எண் 911ஐ அழையுங்கள். போக்குவரத்துப் பக்கம் கதவைத் திறந்து இறங்கிப் பார்க்கும் பழக்கம் இங்கே ஆளைக் கொன்றுவிடும்.

நம் ஊரில் நாற்கரச் சாலை போட்டபோதும் பள்ளம் இருந்தது, மாற்றுப்பாதை இருந்தது, தூசி இருந்தது. ஆனால் டயர் போனால் அரைக் கிலோமீட்டரில் பஞ்சர் கடை, அதற்கு முன்பே நாலு பேர் சூழ்ந்து ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே மழையில் ஓர் உயிர் இல்லை. 911இல் பேசியவர் பணிவாகத்தான் கேட்டார்: எந்த எக்ஸிட் அருகில் இருக்கிறீர்கள்? எக்ஸிட்டே இன்னும் கட்டவில்லை. மைல் கல் எண் என்ன? பழைய 37இன் பச்சைப் பலகைகளை எடுத்துவிட்டார்கள், ஐ-69இன் பலகை இன்னும் நடவில்லை. எந்தக் கவுண்டி, அதாவது எந்த மாவட்டம்? இந்தப் பகுதியில் சாலை மாரியன், ஜான்சன், மார்கன் என்று மூன்று கவுண்டிகளுக்குள் அடுத்தடுத்து ஓடுகிறது, எல்லை எங்கே என்று யார் கவனித்தார்? கைபேசி அழைப்பு அருகிலுள்ள கோபுரத்தைப் பிடிப்பதால் பக்கத்துக் கவுண்டியின் 911 மையத்துக்குப் போய்விடுவதும் உண்டு. எனக்கும் அதுவே நடந்தது, பாதியில் வேறு மையத்துக்கு மாற்றினார்கள். நடுவில் க்ரீன்வுட்டில் இருக்கும் தமிழ் அக்காவை அழைத்தேன். “எங்கே நிற்கிறாய் என்று சொல், உடனே வருகிறோம்” என்றார். “அதுதான் தெரியவில்லை அக்கா” என்றபோது தொண்டை அடைத்துவிட்டது. அவர்தான், “வரைபடத்தில் உன் புள்ளியை அழுத்திப் பிடி அம்மா, எண்கள் வரும், அதை அப்படியே போலீசுக்குப் படித்துக்காட்டு” என்றார். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைச் சொன்ன பிறகே அவர்கள் கணினியில் நான் அகப்பட்டேன். இதை வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே ஒருமுறை செய்துபார்த்துவிடுங்கள், நடுங்கும் கையோடு முதல் தடவை தேட வேண்டிய விஷயம் அல்ல. போகும் வழியில் தலைக்குமேல் வரும் பாலங்களின் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போவதும் உதவும். எந்தப் பாலத்துக்கும் எந்தப் பாலத்துக்கும் நடுவே, எந்தத் திசையில் என்று சொன்னால் எந்த மையத்துக்கும் புரிந்துவிடும்.

இழுவை வண்டிக் கதை தனி. காப்பீட்டு நிறுவனத்தின் செயலி முகவரி கேட்டது. எண்களை ஏற்காமல் அருகிலிருந்த வீட்டு முகவரி ஒன்றைத் தானாகப் போட்டுக்கொண்டது. இழுவை வண்டி அந்த வீட்டு வாசலுக்கே போனது. அது எனக்கு நாற்பதடி தூரத்தில், புதிதாகப் போட்ட பக்கச்சாலையில் இருந்தது. நடுவில் நெடுஞ்சாலை எல்லைக் கம்பிவேலி. ஓட்டுநர் விளக்கைச் சிமிட்டுகிறார், நானும் சிமிட்டுகிறேன், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம், அவரால் வர முடியாது. வேலி தாண்டிக் கத்தி அவர் சொன்னது: “நான் அடுத்த சந்திப்புக்குப் போய்ச் சுற்றி வர வேண்டும் அம்மா, எனக்கே வழி சரியாகத் தெரியவில்லை.” அந்தச் சுற்று முக்கால் மணி நேரம் எடுத்தது. பணிப்பகுதியில் இழுவை வண்டியை அழைக்கும்போது, ‘முக்கியச் சாலையின் மேலேயே நிற்கிறேன், பக்கச்சாலையில் அல்ல, தெற்கு நோக்கி, கட்டுமான இடைவெளிக்குள்’ என்று ஆளிடம் வாயால் சொல்லிவிட வேண்டும். செயலியில் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தால் என் கதிதான். 210 டாலர் கொடுத்து நான் வீடு வந்தபோது மகன் பக்கத்து வீட்டுச் சோபாவில் தூங்கிவிட்டிருந்தான்.

இழுவை வண்டிக்கு முன்பே வந்தவர் ஷெரிப் அலுவலகத்து டெபுடி, அதாவது கவுண்டியின் போலீஸ்காரர். மழையில் நனைந்தபடி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, விபத்து இல்லையே, அறிக்கை தேவையில்லை என்றார். நான் விடவில்லை. பள்ளத்தில் இறங்கியதால் டயர் போனது என்று அவர் பதிவில் ஒரு வரி இருக்கட்டும், நிகழ்வு எண் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்த தோழி எப்போதோ பேச்சோடு பேச்சாகச் சொன்னது நினைவில் இருந்தது, அவ்வளவுதான். பள்ளத்தை நானே படமெடுக்க வழியில்லை, அங்கே யாராலும் நிற்க முடியாது. டாஷ்கேமராவில் சத்தமும் குலுக்கலும் தெளிவாக இருந்தன, பள்ளம் கறுப்புநீராகத்தான் இருந்தது. அதனால் மறுநாள் பகலில் அக்காவின் கணவர் ஓட்ட, அக்கா பக்கத்து இருக்கையிலிருந்து அந்த வளைவை வீடியோ எடுத்தார். திங்கட்கிழமைக்குள் பள்ளத்தை அடைத்துவிட்டார்கள். இரண்டு நாள் சுணங்கியிருந்தால் எங்கள் கையில் எதுவும் இருந்திருக்காது.

காப்பீட்டில் கேட்டால், பள்ளத்தால் வரும் சேதம் மோதல் பிரிவில் சேரும். கல் பட்ட கண்ணாடி வேறு பிரிவு. டயர் 340, ரிம் 265, வீல் அலைன்மென்ட் 95, இழுவைக்கு 210, ஆக 910 டாலர். என் மோதல் டிடக்டிபிளைக் கழித்தால் வரும் சொற்பத்துக்காக அடுத்த ஆண்டுத் தவணை ஏறும் ஆபத்தை எடுக்க மனமில்லை. அதனால் சாலைக்குப் பொறுப்பானவர்களிடமே கேட்டேன். இங்கே எல்லாருக்கும் தெரிய வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. இண்டியானாவில் மாநில அரசின் மீது இழப்பீடு கேட்க 270 நாளுக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். நகரம், கவுண்டி போன்ற உள்ளாட்சி என்றால் 180 நாள்தான். அறிவிப்புக் கொடுத்து 90 நாளில் பதில் வராவிட்டால் மறுத்ததாகவே பொருள். பணிப்பகுதி என்பதால் என் விண்ணப்பத்தை ஒப்பந்ததாரருக்கு அனுப்பிவிட்டோம் என்று கடிதம் வந்தது. ஒப்பந்ததாரரின் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து இன்னொரு கடிதம்: பள்ளம் இருப்பது எங்களுக்கு முன்கூட்டித் தெரியாது, ஆகவே பொறுப்பில்லை. பெரும்பாலானவர்கள் இந்தக் கடிதத்தோடு கைகழுவிவிடுவார்கள், அதற்காகவே எழுதப்படும் கடிதம் அது.

தெரியாது என்றால், தெரிந்திருந்தது என்று காட்ட வேண்டும். அரசு அலுவலகப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் சட்டம் இண்டியானாவில் உண்டு. இன்ன தேதிக்கு முந்தைய வாரங்களில், இன்ன பாலத்துக்கும் இன்ன பாலத்துக்கும் நடுவே தெற்கு நோக்கிய தடத்தைப் பற்றி வந்த புகார்களின் பட்டியல் வேண்டும் என்று மின்னஞ்சல் அனுப்பினேன். கேள்வி எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு விரைவில் பதில் வரும். வந்த பட்டியலில் அதே வளைவைப் பற்றி எனக்கு முன்பே சிலர் புகார் செய்திருந்தார்கள், தேதியும் நேரமும் இருந்தன. அதை இணைத்து, டெபுடி கொடுத்த எண்ணையும் வீடியோவையும் ரசீதுகளையும் சேர்த்து மறுபடி எழுதினேன். பத்து நாளில் தொனி மாறியது. டயருக்கும் ரிம்முக்கும் 605 டாலர் தருகிறோம், இழுவைக்கும் அலைன்மென்ட்டுக்கும் தர முடியாது என்றார்கள். காசோலையோடு ஒரு தாளும் வந்தது: இதை வாங்கிக்கொண்டால் இந்த நிகழ்வு பற்றி இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளை முழுக்கப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். கழுத்துவலியோ முதுகுவலியோ இருந்தால் மருத்துவரைப் பார்த்த பிறகே அதைத் தொடுங்கள். எனக்கு உடம்பில் ஒன்றுமில்லை. மீதி 305 டாலருக்குச் சிறு வழக்கு நீதிமன்றம் போகலாம், 10,000 டாலர் வரை அங்கே வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம். மாமனாரின் உடல்நிலை அப்போது மோசமாகியிருந்தது, நான் கையெழுத்திட்டுவிட்டேன். வேறு நேரமாக இருந்தால் போயிருப்பேன்.

அன்றிலிருந்து இரவுப் பயணத்துக்கு வேறு வழிகளைப் பழகிக்கொண்டேன். விமான நிலையத்துக்குப் போவதென்றால் மார்ட்டின்ஸ்வில்லில் மாநில நெடுஞ்சாலை 67ஐப் பிடித்து மூர்ஸ்வில் வழியாகப் போவதே எனக்குப் பிடித்தது. கொஞ்சம் மெதுவாகப் போகும், ஆனால் வழியெல்லாம் ஊரும் கடையும் உண்டு. கிழக்கே 45, 135 என்ற நெடுஞ்சாலைகள் வழியாக பீன் ப்ளாசம், மார்கன்டவுன் என்று க்ரீன்வுட் போகலாம். பகலில் மிக அழகான வழி, நவம்பர் இரவில் மான்களுக்கு நடுவே இருவழிச் சாலையில் ஓட்ட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நெடுஞ்சாலை 46இல் கொலம்பஸ் போய் ஐ-65இல் ஏறுவது தூரம்தான், ஆனாலும் பனிநாளில் நிம்மதி. எந்த வழியானாலும் கிளம்புமுன் சாலை நிலவரம் சொல்லும் மாநிலத்தின் 511 சேவையைப் பார்த்துவிட வேண்டும். இரவு ஒன்பதுக்குப் பிறகு தடம் மூடும் அறிவிப்புகள் கைபேசி வரைபடத்துக்கு வருமுன் அங்கே வந்துவிடும். திட்ட அலுவலகம் குறுஞ்செய்தியாக அனுப்பிய வாராந்தர அறிவிப்பும் நன்றாகவே இருந்தது. நான் அதில் பெயர் கொடுத்ததே டயர் போன பிறகுதான்.

2024 ஆகஸ்டில் ஐ-69, இண்டியானாபொலிஸின் சுற்றுச்சாலையான ஐ-465ஐத் தொட்டது, சிக்னல் இல்லாமல் வீடு போகிறோம். ஆனால் வேலை முடிந்துவிட்டது என்பதற்காக வரைபடத்தை உடனே நம்பிவிடாதீர்கள். 37இல் நேராக வாசல் திறந்த வீடுகளுக்கும் கடைகளுக்கும் இப்போது எக்ஸிட்டில் இறங்கிப் பக்கச்சாலையில் வந்துதான் போக வேண்டும். திறந்த புதிதில் வரைபடம் ‘இங்கே வலப்பக்கம் திரும்பு’ என்று வேலியைக் காட்டும், அதை நம்பிச் சட்டென்று பிரேக் போடுகிறவர்கள் இருந்தார்கள். எக்ஸிட்டைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான், அடுத்ததில் இறங்கித் திரும்புங்கள், ஷோல்டரில் பின்னோக்கி வராதீர்கள். அக்கா வீட்டுக் கொலுவுக்கு அழைப்பு அனுப்பும்போது இப்போதெல்லாம் முகவரிக்குக் கீழே எக்ஸிட் எண்ணும், இறங்கியதும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதும், கடக்க வேண்டிய பாலத்தின் பெயரும் எழுதுகிறார். அப்படியும் போன ஆண்டு இரண்டு குடும்பம் வேலிக்கு மறுபக்கம் நின்றுகொண்டு அவரைத் தொலைபேசியில் அழைத்தார்கள்.